பங்குனியில் பனிமலை, கையிருப்பாக ஒரு நாள்

பனிமலைக்குக் குடும்பத்தோடு போவதென்றால் எந்த மாசம் நல்லது என்று எங்கள் ஊரில் யார் கேட்டாலும், இப்போது என் வீட்டுப் பக்கம் கைகாட்டுகிறார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு வளர்த்துப் பிழைக்கிறவள். வீட்டுக்காரர் சந்தையிலிருந்து வரக் கொஞ்சம் நேரமானால், எங்கோ வண்டி மோதிவிட்டது என்று முடிவு கட்டி அழுகைக்குத் தயாராகிவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம் வந்து, "எப்பங்க போலாம்?" என்று கேட்கிறார்கள். பெருமையாக இருக்காதா? இருக்கிறது. மறைக்கப் போவதில்லை.

இதைத் தொடங்கி வைத்தவள் என் மகள் கோகிலா. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், "அம்மா, நாம மணாலி போறோம். பனி பாக்கறோம். டிக்கெட்டு, ரூமு எல்லாம் என் பொறுப்பு. எந்த மாசம்னு மட்டும் நீ சொல்லு" என்றாள்.

"நான் எதுக்குடி? படிச்சவ நீயே சொல்லு."

"ஷெட்ட எப்ப மூட முடியும்னு உனக்குத்தானேம்மா தெரியும்?"

அது நிஜம்தான். புழு இருக்கிற வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியூர் போக முடியாது. நேரத்துக்கு மல்பெரித் தழை வெட்டிப் போட வேண்டும், குளிர்ந்தால் சூடு காட்ட வேண்டும், புழுங்கினால் சாக்கை நனைத்துத் தொங்கவிட வேண்டும். வேற்று ஆளை உள்ளே விடவும் முடியாது. நோய் வந்துவிடும். ஷெட் வாசலில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் கொட்டி வைத்திருப்போம். அதற்கு இந்தப் பக்கமே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலில் தூளை மிதித்துத்தான் நாங்களே உள்ளே போவோம். ஆகவே கல்யாணமா, சாவா, கோயிலா, அவர் போனால் நான் வீட்டில். நான் போனால் அவர் வீட்டில். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒரே ராத்திரி வெளியூரில் படுத்ததில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் போட்டோ எதிலும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இல்லை.

கூட்டை மார்க்கெட்டில் போட்ட பிறகு ஷெட்டைக் கழுவி, மருந்தடித்து, மூடிப் போடுவோம். அடுத்த இளம்புழு வருகிற வரை ஒரு சின்ன இடைவெளி. எங்களுக்கு லீவு என்றால் அதுதான். அதை எந்த மாசத்தில் நீட்டி எடுப்பது என்பதுதான் என் தலையில் விழுந்த கேள்வி. தப்பாகச் சொல்லி, அங்கே போய்ப் பனி இல்லை என்றால்? இன்னொரு தரம் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்புவது எந்தக் காலத்தில்? 

என் நாத்தனார் சரசு, அதாவது வீட்டுக்காரரின் தங்கச்சி, அடுத்த தெருவில் இருக்கிறாள். அவளும் புழு வளர்க்கிறவள்தான். எங்களோடு வருவதாக அவளாகவே முடிவு செய்துகொண்டு, மாசத்தையும் அவளே சொன்னாள்: "தை மாசம் அண்ணி. டிவில காட்டறான் பாரு, கொட்டு கொட்டுன்னு கொட்டுது."

தையில் பொங்கல். குளிர் காலத்துக் கூடு வேறு நன்றாக வரும், அதைக் கைவிட மனசு வராது. சித்திரை வைகாசியில் போகலாம் என்றால், எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு கூட்டம் மே மாசம் போய் வந்த கதை தெரியும். வண்டி வரிசையில் பாதி நாள் நின்று, கடைசியில் குதிரைச் சாணிக்கு நடுவில் ஒரு அழுக்குக் கட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

மிலிட்டரியில் இருந்து ரிட்டயர் ஆன பெருமாள் அண்ணனைப் பிடித்தேன். பனிமலையில் வருசக்கணக்காக நின்றவர்.

"தங்கச்சி, பனி கொட்டற மாசம் வேற, பனிய பாக்கற மாசம் வேற," என்றார். "தையில போனா ரோடு மூடிக்கும். ரூம்ல கம்பளி போத்திக்கிட்டு சன்னல பாத்துட்டு வரணும். பங்குனில வெயிலும் வரும், ரோடும் திறக்கும், மேல பனியும் கிடக்கும். குடும்பத்துக்கு அதான் சரி."

"கிடக்கும்னு உறுதியா சொல்றீங்களாண்ணா?"

"அத யாரு சொல்ல முடியும்?"

அந்தக் கடைசி வார்த்தைக்காக அவருக்கு எத்தனை முறை மறுபடி போன் போட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. கடைசியில் அவர் மனைவி எடுத்து, "அவரு தூங்கறாருங்க, ஆனா பனி இருக்குமாம்" என்று வைத்துவிட்டார்.

பங்குனி என்று சொன்னேன். கூடவே ஒன்று சொன்னேன். சுற்றிப் பார்க்கிற நாளுக்கு மேல் ஒரு நாள் சும்மா வேண்டும். எந்தத் திட்டமும் இல்லாத நாள்.

"எதுக்கும்மா? ரூம்ல உக்காந்து கதவ பாக்கவா?" என்றாள் கோகிலா.

புழு கூடு கட்டப் போகிற சமயத்தில் தழையை அளந்து வெட்டித் தீர்த்துவிட மாட்டோம். மேகம் போட்டால் புழு ஒரு நாள் தள்ளித்தான் பழுத்துக் கூடு கட்டும். அந்த ஒரு நாளுக்குத் தோட்டத்தில் நாலு வரிசை மிச்சம் நிற்க வேண்டும். மிச்சம் வைக்காதவர்கள் அரிவாளோடு அடுத்தவர் வரப்பில் போய் நிற்க வேண்டியதுதான். இதைச் சொன்னேன். சரசு சிரித்தாள். "அண்ணி மணாலிக்கும் தழ வெட்டி வெக்குது." வீட்டுக்காரர் மாதையன் மட்டும், "இருந்துட்டுப் போவுது விடுங்க" என்றார். மாடுகளைச் சரசுவின் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். கிளம்பினோம்.

முதல் நாள்

மலை ஏறுகிற பஸ்ஸில் நான் கண்ணை மூடவே இல்லை. டிரைவர் தூங்கிவிடாமல் நானும் விழித்திருப்பது ஒரு உதவி என்று நினைப்பு. விடிகிற நேரத்தில் பஸ் நின்றது. முன்னால் ரோட்டில் பாறை சரிந்து கிடக்கிறதாம். எல்லோரும் இறங்கி ஒரு டீக்கடையில் நின்றோம்.

வீட்டுக்காரர் நிற்கிற லாரிகளை வரிசையாகப் பார்த்தார். "நம்ம தொப்பூர் கணவாய் மாதிரியே இருக்குது. ஆனா பாரும்மே, ஒருத்தனும் ஆரன் அடிக்கல."

டீயில் இஞ்சி தூக்கல். உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட கனமான ரொட்டி ஒன்று கொடுத்தார்கள், மேலே வெண்ணெய். நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து பெஞ்சில் இரண்டு டிரைவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கோகிலாவின் முகம் மாறியது.

"என்னடி சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லு."

கம்பெனியில் வடநாட்டுப் பிள்ளைகளோடு வேலை செய்து அவள் பிடித்துக்கொண்ட இந்தி அது. அவள் மெதுவாகச் சொன்னாள்: "'இந்த வருசம் பனி கம்மி, வந்ததும் வெயில்ல போயிடுச்சு. டூரிஸ்டுங்க பாவம்'னு பேசிக்கறாங்க."

மிச்ச ரொட்டியைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தேன். சரசுவிடம் சொல்லாதே என்றேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவள், "தை மாசம்னு சொன்னேன்" என்றாள்.

மத்தியானம் ஊர் போய்ச் சேர்ந்தோம். நல்ல வெயில். மலை உச்சிகளில் மட்டும் வெள்ளை, தொட முடியாத தூரத்தில். கீழே இலை இல்லாத ஆப்பிள் மரங்கள், சேறு, மஞ்சள் புல். தங்கிய வீட்டுக்குக் கீழே ஆறு ஓடியது. ஒகேனக்கல் சத்தத்தில் பாதி இருக்கும், குளிர் மட்டும் இரண்டு மடங்கு. ஆற்று மீனை வறுத்துக் கொடுத்தார்கள். மீன் பஞ்சு போல. காரம்தான் பெயருக்குக்கூட இல்லை. சரசு இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, கொண்டுவந்த மிளகாய்த்தூளைத் தூவினாள். பரிமாறிய பையன் ஒரு துண்டு ருசி பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க ஓடினான். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இரண்டாம் நாள்

டாக்ஸிக்காரர் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப் போனார். போகிற வழியில் வாடகைக்குக் கோட்டும் முழங்கால் வரை பூட்ஸும் எடுத்தோம். அதை எனக்கு முன்னால் எத்தனை பேர் போட்டிருந்தார்களோ, அத்தனை பேர் வியர்வையும் அதில் இருந்தது. என் வீட்டுக்காரர் சிவப்புக் கோட்டில் கலெக்டர் மாதிரி நின்றார். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பனி இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆயிரம் கால் மிதித்து, டயர் ஏறி, மண்ணோடு குழைந்து, ஓரத்தில் திட்டுத் திட்டாக. நடுவில் வண்டிக் கடை, மக்காச்சோளம் சுடுகிற புகை, "போட்டோ, போட்டோ" என்று இழுக்கிற ஆட்கள்.

சரசு காலால் ஒரு திட்டைத் தள்ளினாள். "நம்ம ஐஸ்காரன் பொட்டி கழுவி ஊத்துன மாதிரி இருக்குது அண்ணி. இதுக்கா ஷெட்ட மூடிட்டு வந்த?"

வீட்டுக்காரர் குனிந்து ஒரு கை எடுத்தார். விரலுக்கிடையில் கறுப்புத் தண்ணீர் ஒழுகியது. கையை உதறிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். கூடு மெலிசாக வந்த வருசமும் மார்க்கெட்டில் இருந்து வந்து இதே குரலில்தான் சொல்லுவார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். திரும்பி நின்று, கோட்டின் கையால் கண்ணைத் துடைத்தேன். அதற்கும் அந்த வியர்வை நாற்றம்தான்.

மூன்றாம் நாள்

மழை. ஓட்டின் மேல் சடசடவென்று விடிந்ததிலிருந்து அடித்தது. மலைக்கு அந்தப் பக்கம் போகிற பெரிய சுரங்கப் பாதையைச் சுற்றுலா வண்டிகளுக்கு மூடிவிட்டார்கள் என்று டாக்ஸிக்காரர் போனில் சொன்னார். எங்கள் திட்டப்படி சுற்றிப் பார்க்கிற கடைசி நாள் அது.

பக்கத்து அறையில் பூனாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். கீழே போகிற பஸ்ஸுக்கு அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா புருசனிடம் இரைந்ததைக் கோகிலா சொன்னாள்: "'மழை பாக்கணும்னா நம்ம ஊர்லயே ஜூன் மாசம் சன்னல திறந்திருப்பேனே!'" எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கை சும்மா இருந்தால் என் மனசு கெட்டதைத்தான் யோசிக்கும். பையில் கேழ்வரகு மாவு இருந்தது. தங்கிய வீட்டுக்கார அம்மாவிடம் களி கிண்ட அடுப்பைக் கேட்டேன். அங்கே தண்ணீர் கொதிக்கிற மாதிரிதான் தெரிகிறது, மாவு வேக மாட்டேன் என்கிறது. துடுப்பு இல்லாமல் சப்பாத்திக் கட்டையால் கிண்டினேன். என் வீட்டுக்காரர் பாத்திரத்தைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா மாவை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, முகர்ந்து, கத்தியே விட்டார்.

"இது எங்க கோத்ரா இல்லையா! எங்க மாமியார் காலத்துல மேல் வயலெல்லாம் இதுதான். இப்ப ஆப்பிள்." கோகிலா இதை எனக்குச் சொல்வதற்குள், அவர் ஒரு உருண்டையைப் பிய்த்துப் பருப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார். மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று நான் கையால் காட்டினேன். பதிலுக்கு அவர், அக்ரூட் பருப்பை உள்ளே வைத்து ஆவியில் வேகவைத்த ஒரு பண்டத்தை நெய் ஊற்றிக் கொடுத்தார். சிட்டு என்று பெயர். நம் கொழுக்கட்டைக்கு உடம்பு வைத்தால் அப்படி இருக்கும்.

சாப்பிட்டு முடித்து, அந்த அம்மா சன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தார். ஏதோ சொன்னார். கோகிலா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னடி?"

"'இங்க மழைன்னா மேல பனி. நாளைக்குப் பாருங்க'ன்னு சொல்றாங்கம்மா." விரலை மடித்து நாளை எண்ணினாள். "நமக்கு நாளைக்கு இருக்குதும்மா."

வெளியே பூனாக் குடும்பம் குடையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. சரசு சன்னலோரம் போய் நின்று அந்த வண்டி மறைகிற வரை பார்த்தாள்.

கையிருப்பு நாள்

காலையில் வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும், அதே கோட்டையும் பூட்ஸையும் மறுபடி வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகிற வழியில் போலீஸ் நிறுத்தியது. பெரிய டயர் வண்டி மட்டும்தான் போகலாமாம். எங்கள் டாக்ஸி சின்னது. டாக்ஸிக்காரர் இறங்கிப் போய், தெரிந்தவர் ஒருவரின் ஜீப்பைக் கூட்டி வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் ரோட்டை மறுபடி மூடிவிடுவார்கள், வண்டி வழுக்கும், சுரங்கம் இடியும் என்று நான் வரிசையாக எல்லாவற்றையும் யோசித்து முடித்திருந்தேன்.

சுரங்கத்துக்குள் நுழைந்தபோது வெளியே ஈர மண், பாறை, பச்சை மரம். உள்ளே விளக்குகள் ஓடிக்கொண்டே இருந்தன. அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர், "தலைக்கு மேல முழு மலை இருக்குதும்மே" என்றார், ஆசையாக. இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

வெளியே வந்தோம்.

எனக்கு எழுதத் தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன். நிறம் என்று ஒன்று அங்கே இல்லை. மலை, மரம், வீட்டுக் கூரை, பாலம், எல்லாம் வெள்ளை. புழு தோலுரிக்கத் தூங்குகிற சமயத்தில், படுக்கை முழுக்கச் சுண்ணாம்புத் தூளைச் சல்லடையால் சலித்துவிடுவோம். ஷெட்டே சத்தமில்லாமல் இருக்கும். நாங்களும் மெதுவாகத்தான் பேசுவோம். அந்த மலை அப்படித் தூங்கியது.  சரசு கூடக் குரலைத் தாழ்த்தித்தான், "அண்ணி" என்றாள்.

ரோட்டை விட்டு ஒரு வயல் பக்கம் நிறுத்தினார்கள். ஒரு கால் தடம் இல்லை. விளிம்பில் போய் நின்றோம். வீட்டுக்காரர் குனிந்தார். பூட்ஸைக் கழற்றி, ஷெட் வாசலில் விடுவது போலச் சோடியாக ஓரமாக வைத்தார். நானும் கழற்றினேன். சரசுவும். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கால் உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

"ஐயோ ஆத்தா!" என்று சரசு போட்ட சத்தம் எதிர் மலையில் பட்டுத் திரும்பியது.

"அம்மா! அது ஷெட் இல்லம்மா! பூட்ஸ போடுங்க!" கோகிலா கத்தினாள். பார்த்தால் அவளும் ஒரு பூட்ஸைப் பாதி கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். ஓசூரில் எவ்வளவு நாள் இருந்து என்ன, அவளும் அந்தத் தூளை மிதித்து வளர்ந்தவள்தான்.

ஜீப்காரர் ஓடி வந்தார். இவர்கள் மலையைக் கும்பிடுகிறார்களா என்று கேட்டாராம். கோகிலா வாசல் தூளின் கதையைச் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, விரல் கறுத்துவிடும் என்று எங்களைத் திட்டி, ஜீப்பில் சூடான காற்று வருகிற இடத்தில் காலை நீட்டச் சொன்னார். சரசு உடனே போய் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மறுபடி உள்ளே நடந்தார். முழங்கால் வரை போயிற்று. நடுவில் போய் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"வாம்மே."

போனேன். இரண்டு கையிலும் அள்ளினார். சுத்தமான வெள்ளை. ஒரு பொட்டு அழுக்கில்லை. கூடு எடுக்கும்போது தரம் பிரிக்க வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாரே, அப்படித் தூக்கிப் பார்த்தார்.

"முதல் தரம்," என்றார். பிறகு, "ஏம்மே, இப்ப வூட்ல யாரு இருக்கறா?"

"ஏங்க? எதையாவது பூட்டாம வந்துட்டீங்களா?"

"யாரும் இல்லன்னு சொல்றேன். நீயும் இங்க, நானும் இங்க."

கோகிலா எடுத்த போட்டோவில் அவர் சிவப்புக் கோட்டில் பல் தெரியச் சிரிக்கிறார். நான் பக்கத்தில், வாயைப் பொத்திக்கொண்டு. ஒரே போட்டோவில் இரண்டு பேரும்.

சரசு ஜீப்பில் காலைக் காய வைத்துக்கொண்டே அவள் வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டாள். போனை மலைப் பக்கம் திருப்பி அவள் கத்தியது வயல் நடுவில் இருந்த எனக்கே கேட்டது: "பாருங்க, நல்லா பாருங்க! எங்க அண்ணி பாத்து வெச்ச மாசம்! அண்ணி வெச்ச நாள்! பூனாக்காரன் எல்லாம் போயிட்டான்!"

நான் கேட்காத மாதிரி நின்றேன். இன்னொரு முறை சொல்வாளா என்று காத்துக்கொண்டும் நின்றேன். சொன்னாள்.

ஊருக்கு வந்த மறுநாளே ஷெட்டைத் திறந்து, வாசலில் புதிதாகச் சுண்ணாம்புத் தூள் கொட்டினோம். தூளை மிதிக்கும்போது வீட்டுக்காரர் வேண்டுமென்றே, "ஐயோ ஆத்தா!" என்று சரசு மாதிரி குதித்தார். இப்போதும் தினம் குதிக்கிறார்.

போன வாரம் கிழக்குத் தெரு கோவிந்தம்மா வந்தாள். அவள் மகனும் எங்கேயோ கூட்டிப் போகிறேன் என்கிறானாம்.

"எந்த மாசம் போலாங்க அக்கா?"

"பங்குனி," என்றேன். "கூட ஒரு நாள் சும்மா வெச்சுக்க. ஏன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லாத. பூட்ஸ கழட்டாத."

"பனி இருக்கும்னு உறுதியா சொல்றீங்களா?"

"அத யாரு சொல்ல முடியும்?" என்றேன், பெருமாள் அண்ணன் மாதிரியே.

"சரிக்கா. நானும் மகனும் மட்டும் போயிட்டு வரோம். அவரு மாட்ட பாத்துக்கிட்டு வூட்ல இருக்கட்டும்."

"மாட்ட ஓட்டிட்டு வந்து எங்க கொட்டாயில கட்டு," என்றேன். "ரெண்டு பேரும் சேந்து போங்க."